எந்தக் கோலால் அளந்தீர்கள்?
வாசகர் கேள்வி–பதில்

வீடியோ கேம் பாத்திரங்களின் வேகத்தைக் கணக்கிட முடியுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், ஆனால் எந்தக் கோலால் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லக்கூடாது என்று நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குத் தடா முதல் குப்பம் வரை நம் எல்லையோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களைப் படித்தபோது, இந்தப் பிள்ளைகள் எவ்வளவு ஈடுபாட்டோடு வாதாடுகிறார்கள் என்பது தெரிந்தது. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்த ஈடுபாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் வேகத்துக்கே.

*

ஐயா, நானும் என் தம்பியும் ஒரு மாதமாக வாதாடி வருகிறோம். வீடியோ கேமில் வரும் சோனிக் என்ற முள்ளெலி ஒலியின் வேகத்தில் ஓடுகிறது, ஆங்கிலத்தில் ஒலியைக் குறிக்கும் அந்தப் பெயரே அதற்குச் சான்று என்பது தம்பியின் கட்சி. திரையில் பார்த்தால் நம் ஊர் பஸ்ஸின் வேகம்கூட இருக்காது என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவர், சத்தியவேடு

நீங்கள் இருவரும் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். தம்பி கதையில் வரும் சோனிக்கைப் பற்றிப் பேசுகிறார். நீங்கள் கையில் பிடித்து ஆடும் சோனிக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். கதையில் வரும் சோனிக்கின் வேகம் கதை எழுதுபவர் சொல்வதுதான். அதை அளக்க வழியில்லை. ஆடும் சோனிக்கை அளக்கலாம்.

1991ஆம் ஆண்டு சேகா நிறுவனம் மெகா டிரைவ் கருவிக்காக வெளியிட்ட முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். திரைப் படத்தை உருவாக்கும் சிறு புள்ளிதான் பிக்சல்; அதன் திரை 320 பிக்சல் அகலமும் 224 பிக்சல் உயரமும் உடையது. வினாடிக்கு 60 ஃபிரேம் வீதம் படம் மாறும். சமதரையில் பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் சோனிக் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 6 பிக்சல் நகரும். அதாவது வினாடிக்கு 360 பிக்சல். இது ஆட்டத்தின் நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும் எண் என்பதால், நீங்களும் தம்பியும் மறுக்காமல் ஏற்க வேண்டியது இது ஒன்றுதான். இதற்குப் பிறகு சொல்லப்படுவதெல்லாம் நாம் தேர்ந்தெடுக்கும் கோலைப் பொறுத்தது.

பிக்சலை மீட்டராக்க ஒரு கோல் வேண்டும். சோனிக்கின் உயரம் 100 சென்டிமீட்டர் என்று சேகாவே அறிவித்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் நிற்கும் சோனிக் ஏறத்தாழ 40 பிக்சல் உயரம். ஆகவே ஒரு பிக்சல் இரண்டரை சென்டிமீட்டர். 360 பிக்சல் என்பது 9 மீட்டர். மணிக்கு 32.4 கிலோமீட்டர். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்தபோது அவருடைய சராசரி வேகமே மணிக்கு 37.6 கிலோமீட்டர். சமதரையில் ஓட விட்டால் போல்ட்தான் முதலில் வருவார். சோனிக் உடலைச் சுருட்டிக்கொண்டு சரிவில் உருளும்போது கதை வேறு. அப்போது ஃபிரேமுக்கு 16 பிக்சல் வரை போகும். அதே கோலால் அளந்தால் மணிக்கு 86.4 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். இதுவரை உங்கள் கட்சிதான் வெல்கிறது.

ஒலியின் வேகம் எவ்வளவு என்பதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் சூலூர்பேட்டையில் மொட்டைமாடி ஏறி நிற்பவர்கள் எல்லாரும் அதை உடம்பால் உணர்ந்தவர்கள். நெருப்பு மேலெழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். சத்தம் இல்லாமல் ஊமைப்படம் போல ராக்கெட் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு வெகுநேரம் கழித்து, ஜன்னல் கதவுகள் அதிர முழக்கம் வந்து சேரும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 வினாடி எடுத்துக்கொள்கிறது. ஏவுதளத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி நிற்பவர் முக்கால் நிமிடம் காத்திருக்க வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். நம் கோடைக் காற்றில் இன்னும் சற்றுக் கூடும்.

இந்த 343 மீட்டரைச் சோனிக்கின் திரைக்குள் வைத்துப் பாருங்கள். வினாடிக்கு 13,720 பிக்சல் வருகிறது. ஃபிரேமுக்கு 228 பிக்சலுக்கும் மேல். திரையின் இந்த முனையில் தெரிந்த சோனிக் ஒன்றரை ஃபிரேமுக்குள் அந்த முனையைத் தாண்டியிருக்கும். எதிரில் முள் இருப்பதைக் கண்டு விரல் பொத்தானை அழுத்தக் கைதேர்ந்த ஆட்டக்காரருக்கும் ஐந்தில் ஒரு பங்கு வினாடியாவது தேவை. அந்த நேரத்துக்குள் ஒலி வேகச் சோனிக் 68 மீட்டர் போயிருக்கும். திரையின் அகலமோ நம் கோலின்படி 8 மீட்டர்தான். எட்டுத் திரைக்கு முன்னால் வரப்போகும் முள்ளுக்கு இப்போதே குதிக்கச் சொன்னால் எந்தக் குழந்தை ஆடும்? ஒலியின் வேகம் சோனிக்கின் பெயரில் இருக்கலாம்; விரலால் ஆடும் ஆட்டத்துக்குள் இருக்க முடியாது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் தம்பிக்கு அநியாயம் செய்தவனாவேன். ஏனென்றால் நான் எடுத்த கோலும் குற்றமற்றது அல்ல. ஈர்ப்பு விசையையே கோலாகக் கொள்ளலாமே என்று அவர் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. காற்றில் இருக்கும் சோனிக்கின் வேகம் ஃபிரேம்தோறும் 0.21875 பிக்சல் வீதம் கீழ்நோக்கிக் கூடுகிறது. வினாடிக் கணக்கில் அது 787.5 பிக்சல். இதுவே நம் பூமியின் 9.8 மீட்டர் என்று கொண்டால், ஒரு பிக்சல் 1.24 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சோனிக்கின் உயரம் அரை மீட்டர், வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். இல்லை, உயரம் ஒரு மீட்டர்தான் என்று பிடிவாதமாக நின்றால், அந்த உலகின் ஈர்ப்பு பூமியைப் போல் இரண்டு மடங்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழியே இல்லை. நான் உயரத்தின் பக்கம் நிற்கிறேன். உயரம் படைத்தவர்கள் வாய்விட்டுச் சொன்னது. ஈர்ப்பு, விரலுக்கு இதமாகக் குதிக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டிக் குறைத்து வைக்கப்பட்டது.

பிறகு ஏன் அது அவ்வளவு வேகமாகத் தெரிகிறது என்றால், ஆரம்பாக்கத்திலிருந்து தடாவுக்கு வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய பனைமரங்கள் பறக்கும், வயல் மெதுவாக நகரும், மேற்கே தெரியும் மலை அசையவே அசையாது. முதல் ஆட்டத்தின் பசுங்குன்றுக் கட்டத்தில் மேகத்துக்கு ஒரு வேகம், மலைக்கு ஒரு வேகம், ஏரிக்கு ஒரு வேகம், தரைக்கு ஒரு வேகம் என்று அடுக்கடுக்காக ஓடவிட்டிருப்பது இந்த ரயில் ஜன்னலைத்தான். மணிக்கு 32 கிலோமீட்டரை அவர்கள் அவ்வளவு அழகாகக் காட்டினார்கள்.

*

மதிப்பிற்குரிய ஐயா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ‘ஃபைனல் ஃபேன்டஸி 10’ என்ற ஆட்டத்தின் நாயகன் தொடர்ந்து 200 மின்னல்களைத் தவிர்ப்பதாகவும், ஆகவே அவன் மின்னலைவிட வேகமானவன் என்றும் நண்பர்களோடு மணிக்கணக்கில் விவாதிக்கிறான். படிப்பு ஒருபுறம் இருக்கட்டும்; அவன் வாதம் சரிதானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
— ஒரு தாய், சூலூர்பேட்டை

அம்மா, மகனின் வாதம் தவறு. ஆனால் மிகவும் பயனுள்ள தவறு. அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டால் அவருடைய இயற்பியல் பாடத்துக்கே உதவும்.

2001இல் வந்த அந்த ஆட்டத்தில் இடிச் சமவெளி என்று ஓர் இடம் உண்டு. அங்கே அடுத்தடுத்து 200 மின்னல்களுக்குத் தப்பினால் ஓர் அரிய பரிசு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எப்படித் தப்புகிறோம் என்று பாருங்கள். திரை ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடும். அந்த அடையாளத்தைக் கண்டதும் பொத்தானை அழுத்தினால் நாயகன் துள்ளி விலகுவான். அதாவது அவனுக்கு முன்னறிவிப்பு கிடைக்கிறது. முன்னறிவிப்பு பெற்று விலகியவனை மின்னலைவிட வேகமானவன் என்றால், பொத்தானை அழுத்திய உங்கள் மகனின் கட்டைவிரலும் மின்னலைவிட வேகமானது என்றாகும்.

உண்மையான மின்னலில், மேகத்திலிருந்து படிப்படியாகக் கீழிறங்கும் முதல் கீற்றே வினாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அது தரையைத் தொட்டதும் திரும்பி மேலேறும் பெருவெளிச்சத்தின் வேகம் ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். மேகம் 2 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், கீற்று இறங்க நூறில் ஒரு பங்கு வினாடி. அதைக் கண்ணால் பார்த்து விலகுவது எந்த உயிருக்கும் இயலாது. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பளிச்சிடுதலை முன்னாலும் இடியைப் பின்னாலும் வைத்தார்கள்.

மகனுக்குக் கிரிக்கெட்டை வைத்துச் சொல்லிப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பவுன்சர் வருகிறது. 20 மீட்டர் ஆடுகளத்தைக் கடக்க அதற்கு அரை வினாடி. மட்டையாளர் தலையை ஓர் அடி சாய்த்துத் தப்பிவிடுகிறார். பந்து 20 மீட்டர் வருவதற்குள் தலை 30 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். அதன் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அவர் தலை பந்தைவிட வேகமானது என்று யாரும் சொல்வதில்லை. தப்புவது வேறு, முந்துவது வேறு. வேகத்தைப் பற்றிய விவாதங்களில் நான் கேட்டவற்றுள் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வந்தவை.

அதே ஆண்டில் வந்த ‘மேக்ஸ் பெய்ன்’ ஆட்டத்தில் பொத்தானை அழுத்தினால் எல்லாமே மெதுவாகி, குண்டுகள் மிதந்து வருவது தெரியும். அங்கும் நாயகன் வேகம் பெறவில்லை. நமக்கு யோசிக்க நேரம் கொடுக்கப்படுகிறது, அவ்வளவே.

மகனின் பக்கம் நியாயம் இருக்கக்கூடிய ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். குண்டும் பாத்திரமும் ஒரே நேரத்தில், ஒரே திரையில், பக்கத்துப் பக்கத்தில் நகர்வது தெரிந்தால், இரண்டும் கடந்த தூரங்களை ஒப்பிடுவது முறையான அளவீடுதான். ஏ.கே.எம். துப்பாக்கியின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 715 மீட்டர் வேகம் உடையது. குண்டு ஐந்து அங்குலம் நகர்வதற்குள் பாத்திரம் ஓர் அங்குலம் நகர்ந்தால், பாத்திரத்தின் வேகம் 143 மீட்டர் என்று கணக்கு வரும். ஆனால் அதே படத்துக்கு இன்னொரு விளக்கமும் உண்டு: கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குண்டை மெதுவாக வரைந்திருக்கிறார்கள். ரசிகர்கள் முதல் விளக்கத்தைத் தேர்கிறார்கள், அது அவர்களுடைய நாயகனுக்குப் பெருமை சேர்ப்பதால். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் இரண்டாவதைத்தான் தேர்வேன், ஏனென்றால் அதே நாயகன் அடுத்த காட்சியில் மூடிக்கொண்டிருக்கும் ஒரு கதவை எட்ட முடியாமல் மூச்சிரைக்க ஓடுகிறான்.

*

மாரியோவின் வேகம் என்று ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்களே, ஏன்?
— வாசகர், புத்தூர்

காளான்தான் காரணம். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் மாரியோ ஓடும் வேகம் ஃபிரேமுக்கு இரண்டரை பிக்சல், வினாடிக்கு 150 பிக்சல், நடந்தால் 90. காளானைத் தின்பதற்கு முன் அவன் 16 பிக்சல் உயரம். தின்ற பின் 32 பிக்சல். ஓட்டத்தின் பிக்சல் கணக்கோ மாறுவதே இல்லை. பெரிய மாரியோவை 1.6 மீட்டர் உயரமுள்ள ஆள் என்று கொண்டால் ஒரு பிக்சல் 5 சென்டிமீட்டர். ஓட்டம் மணிக்கு 27 கிலோமீட்டர். சின்ன மாரியோவை அதே 1.6 மீட்டர் ஆள் என்று கொண்டால் பிக்சல் 10 சென்டிமீட்டராகி, வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர் ஆகிவிடும். ஒருவர் காளானுக்கு முன்னும் மற்றவர் காளானுக்குப் பின்னும் அளந்துவிட்டு, மாதக்கணக்கில் சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மீட்டரை விட்டுவிட்டு உடல் நீளத்தைக் கோலாகக் கொள்ளும் வழியும் உண்டு. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது அதுதான், நம் கண் வேகத்தை உணர்வது பெரும்பாலும் அப்படித்தான் என்பதால். சுவரில் பல்லி பாயும்போது திடுக்கிடுகிறோம். மீட்டரில் கணக்கிட்டால் அது அப்படியொன்றும் பெரிய வேகமில்லை. மாறாக, 40 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள ராக்கெட் மேடையை விட்டு எழும்போது ஆடி அசைந்து போவதுபோல் தோன்றுகிறது, தன் உயரத்தளவு ஏறவே அதற்குச் சில வினாடிகள் ஆவதால். இந்தக் கோலால் அளந்தால் சோனிக் வினாடிக்கு 9 உடல் உயரம் ஓடுகிறது. சின்ன மாரியோ 9க்குச் சற்று மேல். பெரிய மாரியோ 5க்குச் சற்றுக் கீழ். 1.95 மீட்டர் உயரமுள்ள போல்ட் உச்ச வேகத்தில் வினாடிக்கு 12.4 மீட்டர் ஓடினார். அது ஆறரை உடல் உயரத்துக்குள் அடங்கும். முதல் கேள்வியில் போல்ட்டிடம் தோற்ற சோனிக் இங்கே வென்றுவிடுகிறது. சத்தியவேட்டுத் தம்பி இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

*

சென்ற இதழில் மாரியோ ஆட்டத்தின் கடிகாரம் 400 வினாடியிலிருந்து இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அது வினாடி அல்ல. மேலும், ஆட்டத்துக்குள் ஓடும் நேரத்தைக் கணக்கில் கொண்டால் வேகம் என்ன ஆகும்?
— விசைத்தறி உரிமையாளர், நகரி

திருத்தத்துக்கு நன்றி. நான் எழுதியது பிழை. அந்தக் கடிகாரம் 24 ஃபிரேமுக்கு ஒன்று வீதம் குறைகிறது; அதாவது ஒரு எண்ணுக்கு 0.4 வினாடி. 400 என்பது நம் கணக்கில் 160 வினாடிதான். கடிகாரத்தைக் கையில் எடுத்துச் சரிபார்க்கும் வாசகர் கிடைப்பது இந்தப் பகுதிக்குப் பெரும் பேறு.

உங்கள் இரண்டாவது கேள்வி முதலாவதைவிட ஆழமானது. வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது. தூரத்துக்குக் கோல் எது என்று எல்லாரும் சண்டையிடுகிறார்கள், நேரத்துக்குக் கோல் எது என்று ஒருவரும் கேட்பதில்லை. ‘மைன்கிராஃப்ட்’ ஆட்டத்தில் தூரத்தில் குழப்பமே கிடையாது, ஒரு கட்டை ஒரு மீட்டர். நடை வேகம் வினாடிக்கு 4.317 மீட்டர், விரைந்து ஓடினால் 5.612 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். இது நம் கடிகாரத்தின்படி. அங்கே சூரியன் உதித்து, மறைந்து, மீண்டும் உதிக்க நம்முடைய 20 நிமிடம்தான் ஆகிறது. அந்த உலகத்தில் வாழ்பவனுக்கு அது ஒரு முழு நாள். இரவு பகலாக நிற்காமல் நடந்தாலும் அந்த ஒரு நாளில் அவன் கடப்பது 5,180 மீட்டர். அவன் கணக்கில் மணிக்கு 216 மீட்டர். அங்கே சந்தைக்குப் புறப்பட்டவன் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு மறுநாள்தான் போய்ச் சேருவான்.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ ஆட்டத்திலும் நம்முடைய ஒரு வினாடி அங்கே ஒரு நிமிடம். அந்த நகரத்து மக்களின் கடிகாரத்தை நம்பினால், அங்கே சீறிப் பாயும் கார்கள் எல்லாம் மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போகின்றன. ஆகவே நான் ஆட்டக்காரரின் கடிகாரத்தையே கொள்கிறேன். சூரியன் அங்கே அலங்காரத்துக்கு ஓடுகிறது. விரல் நம் நேரத்தில் ஓடுகிறது. இதை ஏற்காதவர்கள் எதிர்த்து எழுதலாம், ஆனால் தூரம், நேரம் இரண்டுக்கும் ஒரே உலகத்துக் கோலை எடுக்க வேண்டும்.

*

இல்லாத ஒருவன் ஓடாத ஓட்டத்துக்கு இத்தனை கணக்கு தேவையா?
— வாசகர், குப்பம்

தேவை என்றுதான் நினைக்கிறேன். வகுப்பறையில் தூரம், நேரம், வேகம் என்று கரும்பலகையில் எழுதியபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், வீட்டுக்குப் போய் அதே மூன்றையும் வைத்துக்கொண்டு பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் தொண்டை வற்ற வாதாடுகிறார்கள். அந்தக் கணக்கைச் சரியாகப் போடச் சொல்லிக் கொடுப்பதை நான் வீண்வேலை என்று கருதவில்லை.

*

பி.ஜி.எம்.ஐ. என்ற கைப்பேசித் துப்பாக்கி ஆட்டத்தில் ஓடும் வேகத்தை நாங்களே அளக்க முடியுமா?
— பள்ளி மாணவர்கள், நாகலாபுரம்

தாராளமாக முடியும். அந்த ஆட்டத்தில் வரும் எராங்கல் என்ற இடத்தின் வரைபடம் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். அதில் பெரிய கட்டம் ஒவ்வொன்றும் 1 கிலோமீட்டர். சமதரையான ஓர் இடத்தில் நின்று, நேர் எதிரே ஓர் அடையாளத்தை வையுங்கள். எத்தனை மீட்டர் என்று அதுவே காட்டும். ஒருவர் ஓட, மற்றவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு ஒரு முறையும் துப்பாக்கியைக் கையில் ஏந்தி ஒரு முறையும் ஓடுங்கள், இரண்டும் வேறுபடும். மூன்று முறையாவது அளந்து சராசரி எடுங்கள். 100 மீட்டருக்குக் குறைவான தூரம் வேண்டாம். கடிகாரத்தை அழுத்துவதில் நேரும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். கிடைத்த எண்ணை எழுதி அனுப்புங்கள்.

*

எங்கள் இளமையில் ஆடிய பேக்-மேன் ஆட்டத்தில் பேய்கள் எப்போதும் நம்மைப் பிடித்துவிடும். அவை உண்மையிலேயே நம்மைவிட வேகமானவையா?
— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், சித்தூர்

இல்லை ஐயா. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தக் கேள்வி தங்கள் மனத்தில் நிற்பதே அந்த ஆட்டத்தை வடிவமைத்த தோரு இவாதானியின் திறமைக்குச் சான்று. 1980இல் நம்கோ நிறுவனம் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் மீட்டரும் தேவையில்லை, உயரமும் தேவையில்லை. யார் யாரைவிட வேகம் என்பது மட்டுமே கேள்வி என்பதால் பதில் ஐயமின்றிக் கிடைக்கிறது.

ஆட்டத்தில் முழு வேகம் என்று ஓர் அளவு உண்டு. அது வினாடிக்கு 75 பிக்சலைச் சற்றே தாண்டும். முதல் கட்டத்தில் பேக்-மேன் அதில் 80 விழுக்காட்டு வேகத்தில் போகிறது, பேய்கள் 75 விழுக்காட்டில். வெறும் பாதையில் ஓடினால் பேய்கள் தங்களைப் பிடிக்கவே முடியாது. ஆனால் ஒவ்வொரு புள்ளியைத் தின்னும்போதும் பேக்-மேன் ஒரு ஃபிரேம் நின்றுவிடுகிறது. அதனால் புள்ளிகள் நிறைந்த பாதையில் அதன் வேகம் ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறைகிறது. அந்த நான்கு விழுக்காட்டில்தான் பேய் தங்களை நெருங்கியது. தின்றுகொண்டே ஓடினால் பிடிபடுவோம், தின்னாமல் ஓடினால் தப்புவோம். ஆனால் தின்னாமல் கட்டம் முடியாது. பக்கவாட்டுச் சுரங்க வழியில் பேய்களின் வேகம் 40 விழுக்காடாகச் சரியும். தாங்கள் அந்த வழியாகத் தப்பியிருந்தால் அது தற்செயல் அல்ல. திருப்பங்களிலும் சற்று முன்கூட்டியே குச்சியைத் திருப்பினால் பேக்-மேன் மூலையை அறுத்துக்கொண்டு போகும், பேய்களால் அது முடியாது. பிற்காலத்து விளையாட்டுகளின் வேகக் கணக்குகளை எவ்வளவோ பார்த்துவிட்டேன். இந்த ஐந்தாறு எண்களில் இருக்கும் நேர்த்தியை வேறெங்கும் கண்டதில்லை.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தையும் தாங்கள் ஆடியிருக்கலாம். வரிசையாக இறங்கும் 55 படையெடுப்பாளர்கள், சுடச் சுட வேகம் கூடுவார்களே, நினைவிருக்கிறதா? வேகத்தை யாரும் கூட்டவில்லை. அந்தக் காலத்துக் கருவியால் ஒரு ஃபிரேமில் ஓர் உருவத்தைத்தான் நகர்த்த முடிந்தது. 55 பேர் இருந்தபோது ஒருவருக்கு மறுமுறை வர 55 ஃபிரேம் ஆயிற்று. கடைசியாக ஒருவர் மட்டும் மிஞ்சியபோது ஒவ்வொரு ஃபிரேமும் அவருக்கே கிடைத்தது. கருவியின் இயலாமையை அந்த ஆட்டத்தை வடிவமைத்த நிஷிகாடோ அப்படியே விட்டுவைத்தார். கடைசி ஆள் பதறிப் பறப்பதாக நாம் எண்ணிக்கொண்டோம்.

*

தாத்தா, தடா ஸ்டேஷனிலிருந்து சூலூர்பேட்டைக்கு ரயிலும் சோனிக்கும் ஒன்றாகக் கிளம்பினால் யார் ஜெயிப்பார்கள்?
— மூன்றாம் வகுப்பு மாணவி, தடா

ரயில்தான் ஜெயிக்கும், கண்ணம்மா. நம் கடலோரம் முழுக்கச் சமதரை. உருண்டு வேகம் கூட்டச் சோனிக்குக்கு ஒரு சரிவுகூடக் கிடைக்காது. அதனால் கடைசிவரை மணிக்கு 32 கிலோமீட்டரில்தான் அது ஓட வேண்டும். தூரம் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சூலூர்பேட்டை வந்து சேர 28 நிமிடம் ஆகும்.

ஆனால் கிளம்பும்போது நடப்பதைக் கேள். சோனிக் இரண்டே வினாடியில் முழு வேகத்தைப் பிடித்துவிடும். ரயில் கனமானது, அது வினாடிக்கு வினாடி அரை மீட்டர் வீதம்தான் வேகத்தைக் கூட்டுகிறது என்று கொள்வோம். அப்படியானால் முதல் அரை நிமிடத்துக்கும் மேலாகச் சோனிக்தான் முன்னால் ஓடும். 35ஆவது வினாடி வாக்கில், 300 மீட்டர் தாண்டும் இடத்தில், ரயில் அதைப் பிடித்து முந்தும். நீ நடைமேடையில் நின்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோனிக் ஜெயித்துக்கொண்டிருக்கும்.